அரை விநாடி

2024-ம் வருஷம், மார்ச் மாதக் கடைசி. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்கிற எஞ்சினீயருக்கு ஒரு சின்ன எரிச்சல்.

மைக்ரோசாஃப்டில் வேலை. போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரை இழைத்து இழைத்து வேகப்படுத்துகிற ஆசாமி. அன்றைக்கும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வேகத்தை அளக்கும்போது மெஷினில் வேறு சந்தடி எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. வெளியிலிருந்து ஒரு கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக லாகின் செய்ய உதவும் எஸ்.எஸ்.ஹெச். என்கிற புரோகிராம், தேவைக்கு மேல் பிராசஸரைத் தின்றுகொண்டிருந்தது. தப்பான பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்படி ஒருவர் இங்கே இல்லை, போ என்று விரட்ட வேண்டியதுதான் வேலை. அதற்கு எதற்காக இப்படி மூச்சு வாங்க வேண்டும்?

அளந்து பார்த்தார். முன்பு 0.299 விநாடி. இப்போது 0.807 விநாடி. அரை விநாடி கூடுதல்.

நீங்களோ நானோ என்றால் ஒரு வாய் காபி குடித்துவிட்டு மறந்துபோயிருப்போம். ஃப்ராய்ண்ட் விடவில்லை. நூலைப் பிடித்துக்கொண்டே போனார். கடைசியில் அவர் கையில் சிக்கியது சாதாரணத் தப்பு அல்ல. உலகத்தின் கணக்கற்ற சர்வர்களைத் திறக்க யாரோ ஒரு பேர்வழி பொறுமையாகச் செய்துகொண்டிருந்த கள்ளச் சாவி.

சரி, அது எப்படி உள்ளே வந்தது? சுவர் ஏறிக் குதித்தா? இல்லை. வாசல் வழியாகத்தான் வந்தது. கதவைத் திறந்துவிட்டவர்கள் தங்கமான மனிதர்கள். அவர்கள் செய்ததெல்லாம், ஏற்கெனவே இருந்த ஒரு ஃபைலில் வெர்ஷன் எண்ணை மாற்றியதுதான்.

அந்த ஃபைலின் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1976-க்கு.

அமெரிக்காவில் பெல் லேப்ஸ். யூனிக்ஸும் சி மொழியும் பிறந்த இடம். ஒரு நாள் ஸ்டீவ் ஜான்சன் என்கிற புரோகிராமர், சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அறைக்குள் திட்டிக்கொண்டே நுழைந்தார். காலை முழுக்க ஒரு புரோகிராமில் தப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். தப்பே இல்லை. அதை முன்னாடியே திருத்தியாகிவிட்டது. திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் செய்ய மறந்துபோனார், அவ்வளவுதான். திருத்தியது ஒன்று, ஓடியது வேறொன்று. அரை நாள் போச்சு.

ஃபெல்ட்மனுக்கும் முதல் நாள் ராத்திரி இதே அனுபவம். அந்த வார இறுதியில் உட்கார்ந்து ஒரு சின்னக் கருவி எழுதினார். எந்த ஃபைல் எதை நம்பியிருக்கிறது, எது மாறினால் எதையெல்லாம் மறுபடி கட்ட வேண்டும் என்று ஒரு குறிப்பில் எழுதி வைத்துவிட்டால் போதும். மிச்சத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும். கருவிக்குப் பெயர் மேக். குறிப்புக்குப் பெயர் மேக்ஃபைல்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். எட்டு ஸ்பேஸ் தட்டினால் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒப்புக்கொள்ளாது. இன்றுவரை புதுப்பையன்கள் இதில் மாட்டிக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இது சரிப்படாது என்று ஃபெல்ட்மனுக்கும் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. மாற்றியிருக்கலாமே? மாற்றவில்லை. ஏனென்றால் அதற்குள் கிட்டத்தட்ட ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமே என்று விட்டுவிட்டார். பன்னிரண்டு பேருக்காகப் பார்த்த தாட்சண்யம், அப்புறம் கோடிக்கணக்கான ஃபைல்களில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தத் துறையின் சுபாவம் முழுக்க இதில் இருக்கிறது. ஒருவர் எழுதி வைத்த குறிப்பை அடுத்தவர் எடுப்பார். தேவையான இடத்தை மட்டும் மாற்றுவார். மிச்சத்தைத் தொட மாட்டார். தொட்டால் எது உடையும் என்று யாருக்குத் தெரியும்?

1991-ல் ஹெல்சிங்கியில் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அடுத்தடுத்த வருஷங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் ஆளுக்கொரு புரோகிராமை எழுதி, மூல நிரலோடு இலவசமாக வைத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் மூல நிரல் என்பது அரிசியும் பருப்பும் மாதிரி. சாப்பாடு அல்ல. இறக்கிக்கொண்டு, உங்கள் மெஷினுக்கு ஏற்றபடி தயார் செய்து, கம்பைல் செய்து, ஒவ்வொரு ஃபைலையும் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு லைப்ரரி இல்லையென்றால் அதைத் தேடிப் போக வேண்டும். அது இன்னொன்றைக் கேட்கும். பொழுது விடிந்துவிடும்.

இந்த அவஸ்தையை ஊருக்காக ஒருவர் ஒரு தடவை பட்டால் போதாதா?

போதும் என்று நினைத்தவர்களில் ஒருவர் இயன் மர்டாக். பர்டூ பல்கலைக்கழக மாணவர். 1993 ஆகஸ்டில் டெபியன் என்ற திட்டத்தை அறிவித்தார். அப்போது அவர் காதலியாக இருந்த டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் ஒட்டி வைத்த பெயர் அது. அதே வருஷம் ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேரைக் கொண்டுவந்திருந்தார். 1994-ல் ஃப்ரீ பி.எஸ்.டி.க்காக ஜோர்டன் ஹப்பர்ட், மேக்ஃபைல்களை வைத்தே போர்ட்ஸ் என்கிற ஏற்பாட்டைத் தொடங்கினார். 1995-ல் ரெட்ஹேட்டில் மார்க் யூயிங்கும் எரிக் ட்ரோனும் ஆர்.பி.எம். முறையை உருவாக்கினார்கள்.

பெயர்கள்தான் வேறு வேறு. எல்லோரும் செய்தது ஒன்றே. ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரு பில்ட் ஃபைல். அதில் என்ன இருக்கும்? பெயர் என்ன, வெர்ஷன் எண் என்ன, மூல நிரலை எங்கிருந்து இறக்க வேண்டும், என்னென்ன ஒட்டு வேலைகள் செய்ய வேண்டும், எப்படிக் கம்பைல் செய்வது, எந்த ஃபைல் எங்கே போக வேண்டும். பெரும்பாலானவற்றில், இறக்கியது அசல்தானா என்று சரிபார்க்க செக்சம் என்கிற ஒரு நீளமான கைரேகையும் உண்டு.

ரெட்ஹேட்காரர்கள் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்கள். ஆசிரியர் கொடுத்த மூல நிரலில் கையை வைக்கக் கூடாது. நாம் செய்கிற திருத்தங்களைத் தனியாக, பேட்ச் ஃபைலாக வைத்துக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு வெட்டி நியமம் மாதிரி இருக்கும். ஆனால் புது வெர்ஷன் வரும்போதுதான் அதன் அருமை தெரியும். பழைய மூட்டையை எடுத்துவிட்டுப் புது மூட்டையை வைக்கலாம். குறிப்பு அப்படியே இருக்கும்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மூத்த பெண்ணின் பத்திரிகையை எடுப்பார்கள். பெயர், தேதி, மண்டபம் மூன்றையும் மாற்றினால் இளையவளுக்குத் தயார். பில்ட் ஃபைலும் அப்படித்தான். 5.4 என்பதை 5.6 என்று திருத்தி, செக்சத்தைப் புதுசாகப் போட்டு, ஓட்டிப் பார்த்தால் பல சமயம் வேலை முடிந்தது. ஜென்டூ என்கிற லினக்ஸில் இன்னும் சுலபம். வெர்ஷன் எண் ஃபைலின் பெயரிலேயே இருக்கும். பழைய ஃபைலைப் புதுப் பெயரில் காப்பி எடுத்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

பத்திரிகையில் என்ன ஆபத்து? மூத்த மாப்பிள்ளையின் பெயர் ஏதாவது ஒரு மூலையில் மாறாமல் நின்றுவிடும். பில்ட் ஃபைலிலும் அதே கதைதான். போன வெர்ஷனுக்காகத் தைத்த ஒட்டு புது வெர்ஷனில் ஒட்டாது. இருந்த ஃபைல் இடம் மாறியிருக்கும். புதுசாக ஒரு லைப்ரரியைக் கேட்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். டெபியன் 12 வெளியானது 2023-ல். அதில் மட்டும் 64,000-க்கு மேல் பேக்கேஜ்கள். பார்த்துக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். ஆபீஸ் முடிந்து வந்து, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு எண்ணை மாற்றுகிறவர்கள்.

ஒரு கேள்வி. எண்ணை மாற்றுகிறவர், உள்ளே இருப்பதைப் படிக்கிறாரா?

படித்துத் திருத்தப் போய் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. 2006-ல் டெபியனில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்கிற ரகசியக் குறியீட்டு லைப்ரரியைப் பேக்கேஜ் செய்தவர், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கைகளைப் பார்த்தார். நினைவகத்தில் நிரப்பாத இடத்தைப் படிக்கிறது என்றது கருவி. இரண்டு வரிகள்தான் காரணம். அந்த வரிகளை எடுத்துவிடலாமா என்று ஓப்பன் எஸ்.எஸ்.எல். வட்டாரத்தில் கேட்கவும் கேட்டார். பெரிய ஆட்சேபம் வரவில்லை. நீக்கினார். எச்சரிக்கை நின்றது.

கூடவே வேறொன்றும் நின்றது. சாவி உருவாக்கும்போது யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். அந்த இரண்டு வரிகளில் ஒன்றுதான் அதற்கான கலவையை ஊற்றிக்கொண்டிருந்தது. அது போனதும், ஓடுகிற புரோகிராமின் வரிசை எண் ஒன்றுதான் மிச்சம். விளைவு, ஒவ்வொரு வகையிலும் மொத்தமே 32,767 சாவிகள்தான் உருவாக முடியும். ஒரு திருடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். 2008 மே மாதம் கண்டுபிடிக்கும்வரை, டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் லட்சணமாக இப்படிப்பட்ட சாவிகளைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம், ஆசிரியரின் நிரலில் அநாவசியமாகக் கை வைக்காதே என்பது. நியாயமான பாடம்தான். ஆசிரியர் நல்லவராக இருக்கிறவரை.

இப்போது எக்ஸ்.இஸட். கதைக்கு வருவோம்.

எக்ஸ்.இஸட். என்பது ஃபைல்களைச் சுருக்கும் கருவி. கவர்ச்சியே இல்லாத வேலை. ஆனால் எல்லா லினக்ஸிலும் இருக்கும். பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் பல வருஷங்களாக அதைத் தனியாளாகக் கவனித்துக்கொண்டிருந்தார். சம்பளம் கிடையாது.

2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். சின்னச் சின்ன உதவிகள் செய்தார். ஒழுங்கான, பணிவான, பயனுள்ள வேலை. 2022-ல் வேறு சில பெயர்கள் முளைத்தன. ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதா என்று காலினை நச்சரிக்க ஆரம்பித்தன. அந்தப் பெயர்களுக்கு அதற்கு முன்பும் தடயம் இல்லை, பின்பும் இல்லை. தனக்கு நீண்டநாளாக மனநலச் சிரமம் இருக்கிறது, இது சம்பளமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்கிற வேலை என்று காலின் பதில் எழுதினார். படித்தால் வயிற்றைப் பிசையும். பக்கத்திலேயே ஒரு நல்ல பையன் உதவத் தயாராக நிற்கிறான். அவனிடம் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளாமல் வேறென்ன செய்வார்?

2023-ல் ஜியா டானே வெர்ஷன்களை வெளியிட ஆரம்பித்தார். 2024 பிப்ரவரியில் 5.6.0. மார்ச்சில் 5.6.1.

சூழ்ச்சியின் அழகை, அழகு என்று சொல்லலாமென்றால், கவனியுங்கள். எல்லோரும் பார்க்கிற நிரல் களஞ்சியத்தில் விஷத்தின் முக்கியமான திரி இல்லை. சோதனைக்காக வைத்த இரண்டு சுருக்க ஃபைல்களுக்குள் மருந்து மட்டும் பதுங்கியிருந்தது. சோதனை ஃபைல் என்றால் குப்பையாகத்தான் இருக்கும், யார் பிரித்துப் பார்ப்பார்கள்? திரி இருந்தது வெளியீட்டு மூட்டையில். பேக்கேஜ் செய்கிறவர்கள் இறக்குவது அந்த மூட்டையைத்தான். களஞ்சியத்தில் இல்லாத சில ஃபைல்கள் மூட்டையில் இருப்பது சகஜம். ஆட்டோகான்ஃப் என்கிற கருவி 1991-லிருந்து கம்பைலுக்கு முந்தைய ஏற்பாடுகளுக்காக ஆயிரக்கணக்கான வரிகளைத் தானாகவே எழுதித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. அந்தக் காட்டுக்குள் சில வரிகளைச் சேர்த்துவிட்டால் போதும்.

சேர்த்த வரிகள் என்ன செய்தன தெரியுமா? முதலில் ஒரு கேள்வி கேட்டன. இங்கே டெபியன் என்ற ஃபோல்டரும் அதற்குள் ரூல்ஸ் என்ற ஃபைலும் இருக்கிறதா? அல்லது இது 64 பிட் மெஷினுக்கான ஆர்.பி.எம். கட்டுமானமா? இரண்டும் இல்லையென்றால் சும்மா இருந்துவிடும். வீட்டில் தனியாகக் கம்பைல் செய்து சோதிக்கிற ஆராய்ச்சிக்காரர் கண்ணில் எதுவும் படாது. பேக்கேஜ் செய்கிறவரின் மேஜையில் மட்டும் விழித்துக்கொள்ளும். அதாவது, முப்பது வருஷமாகப் பொதுஜன சேவைக்காக எழுதி எழுதித் திருத்திய அந்த பில்ட் ஃபைலைத்தான் அது அடையாளமாக வைத்துக்கொண்டது.

செக்சம்? கச்சிதமாகப் பொருந்தியது. டிஜிட்டல் கையெழுத்து? ஜியா டான் போட்ட அசல் கையெழுத்து. கைரேகை என்பது வழியில் யாரும் மூட்டையைப் பிரிக்கவில்லை என்றுதான் சொல்லும். மூட்டை கட்டியவன் யோக்கியனா என்று சொல்லாது.

சுருக்கும் கருவிக்கும் லாகின் புரோகிராமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நேரடிச் சம்பந்தம் கிடையாது. டெபியன், ஃபெடோரா போன்றவர்கள் எஸ்.எஸ்.ஹெச்.சுக்குத் தங்கள் வசதிக்காக ஒரு ஒட்டு போட்டிருந்தார்கள். அந்த ஒட்டு சிஸ்டம்டி லைப்ரரியை இழுத்துவந்தது. அது எக்ஸ்.இஸட். லைப்ரரியை இழுத்துவந்தது. மூன்று வீடு தள்ளியிருந்த உறவு வழியாகத் திருடன் படுக்கையறைவரை வந்துவிட்டான். குறிப்பிட்ட ரகசியச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர், பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமலே அந்த மெஷினில் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம்.

மிச்சமிருந்தது ஒன்றுதான். எண்ணை மாற்ற வைக்க வேண்டும். புது வெர்ஷனில் அருமையான வசதிகள் இருக்கின்றன என்று ஃபெடோராவின் பேக்கேஜ்காரரிடம் ஜியா டான் வாரக்கணக்கில் சிநேகமாகப் பேசினார். அங்கே வால்கிரைண்ட் எச்சரிக்கைகள் வந்தபோது, சரிசெய்யக் கூடவே நின்று உதவினார். டெபியனுக்கு 5.6.1-ஐ ஏற்றுங்கள் என்று இன்னொரு புதுப்பெயர் விண்ணப்பம் போட்டது. மார்ச் 28-ம் தேதி, வரவிருந்த உபுண்டு 24.04-ல் சேர்க்கச் சொல்லி ஜியா டானே கேட்டார்.

மறுநாள், மார்ச் 29. புனித வெள்ளி. ஃப்ராய்ண்ட் தன் கண்டுபிடிப்பைப் பகிரங்கமாக எழுதினார்.

அவருக்குக் கைகொடுத்தது அந்த அரை விநாடி மட்டுமில்லை. சில வாரங்களுக்கு முன்பு சோதனையில் பார்த்த ஒரு விநோதமான வால்கிரைண்ட் எச்சரிக்கை நினைவில் இருந்தது. 2006-ல் எந்தக் கருவியின் முணுமுணுப்பை அடக்கப் போய் டெபியன் அவமானப்பட்டதோ, அதே கருவியின் முணுமுணுப்புதான் 2024-ல் உலகத்தைக் காப்பாற்ற உதவியது. கருவி இரண்டு தடவையும் உள்ளதைத்தான் சொன்னது. கேட்ட விதம்தான் வேறு.

டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் வெளிவரவிருந்த பதிப்பு, ஓப்பன்சூஸேயின் டம்பிள்வீட் என்று பரிசோதனை வட்டாரங்களில் அந்த வெர்ஷன் ஏற்கெனவே நுழைந்திருந்தது. வங்கிகளும் கம்பெனிகளும் நம்பி ஓட்டும் நிலையான பதிப்புகளுக்கு இன்னும் வந்துசேரவில்லை. சில மாதங்கள் பொறுத்திருந்தால் வந்திருக்கும். ஆபத்தை அளக்கும் பட்டியலில் அதற்குக் கிடைத்த மதிப்பெண், பத்துக்குப் பத்து.

உடனே எல்லோரும் பழைய வெர்ஷனுக்குத் திரும்ப ஓடினார்கள். டெபியனுக்கு அதில் ஒரு சிக்கல். அங்கே எண் முன்னால்தான் போகும். 5.6.1 வைத்திருக்கிற மெஷினுக்கு 5.4.5-ஐ அனுப்பினால், இது பழசு, எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடும். அதனால் புது பேக்கேஜுக்கு அவர்கள் வைத்த வெர்ஷன் எண்: 5.6.1+ரியலி5.4.5. பெயருக்கு 5.6.1, நிஜத்தில் 5.4.5. ஆர்ச் லினக்ஸ்காரர்கள் தங்கள் பில்ட் ஃபைலில் இன்னொரு வரியை மாற்றினார்கள். மூட்டையை இறக்காதே, களஞ்சியத்திலிருந்து நேராக எடு என்று.

லாஸ்ஸே காலின் திரும்பி வந்தார். நிரல் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்து, 2024 மே 29 அன்று சுத்தமான 5.6.2-ஐ வெளியிட்டார். மறுபடியும் உலகமெங்கும் பேக்கேஜ்காரர்கள் பழைய ஃபைலைத் திறந்து எண்ணை மாற்றினார்கள். ஜியா டான் யார், எந்த நாட்டுக்காக, எந்தக் கூட்டத்துக்காக வேலை பார்த்தார் என்பது இன்றுவரை பகிரங்கமாக நிரூபிக்கப்படவில்லை. மார்ச் 29-க்கு அப்புறம் அந்தப் பெயர் எங்கும் பேசவில்லை.

நாளைக் காலை உங்கள் கம்ப்யூட்டர் அப்டேட் வேண்டுமா என்று கேட்கும். வேண்டும் என்று சொல்லுங்கள், அதில் தப்பில்லை. அப்டேட் செய்யாமல் இருப்பது அதைவிட ஆபத்து. ஆனால் அந்தப் பட்டனுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு ஊரில், தூக்கக் கலக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பழைய குறிப்பைப் புது வெர்ஷனுக்காகத் திருத்தியிருக்கிறார் என்பதை ஒரு அரை விநாடி நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சம்பளம் இல்லாமல் இருக்கலாம். உதவிக்கு ஆள் இல்லாமலும் இருக்கலாம். ஜியா டான் முதலில் கண்டுபிடித்த ஓட்டை அதுதான்.